மூன்று கம்பெனி ரவுட்டர், மூன்று அடுக்கு வீடு, ஒரே வைஃபை: நடக்குமா?

ஏணிவீடு, தாராவி

வணக்கம். கேள்வி தலைப்பிலேயே இருக்கிறது. ஆனால் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் வைஃபையைப் பற்றிச் சொல்ல முடியாது, அதனால் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

90 அடி சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் எங்கள் வீடு. பத்துக்குப் பதினைந்து அடி. அதையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முறை அடுக்கிக்கொள்ளுங்கள். கீழே மச்சானின் ஜெராக்ஸ் கடை. நடுவில் அடுப்படியும் அம்மாவும். மேலே நான், மனைவி, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். ஏறி இறங்க வெளிச்சுவரை ஒட்டி இரும்பு ஏணி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இந்த இடத்தைப் பிடித்தபோது வெறும் தகரக் கொட்டகை, மாடிகள் எல்லாம் ஒவ்வொரு தீபாவளி போனஸுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முளைத்தவை. அதனால் நடுவில் இருக்கும் தளங்கள் கான்கிரீட் இல்லை. இரும்பு ஆங்கிள், மேலே இரும்புத் தகடு, அதன்மேல் டைல்ஸ்.

ஃபைபர் கடையில்தான் இறங்கியிருக்கிறது. 100 எம்பிபிஎஸ் பிளான், கடையில் சோதித்தால் 95 காட்டுகிறது. நடு வீட்டில் ஏணிப் பக்கம் நின்றால் 20. மேலே ஒரே ஒரு கோடு, அதுவும் மகள் கதவைத் திறந்து வைத்தால். ஜூலை மழையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படிப் படிப்பாள்? பெட்டியை மேலே மாற்றித் தரச் சொல்லி இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டேன். புது இணைப்பு எடுத்துக்கொள் என்று போனை வைத்துவிட்டார்.

கையில் இருப்பவை மூன்று பெட்டி, மூன்று கம்பெனி. பெயரைச் சொன்னால் இங்கே அதைப் பற்றியே சண்டை நடக்கும், நிறத்தால் சொல்கிறேன். வெள்ளை: இணைப்போடு வந்தது, ஃபைபர் சொருகுவது. கறுப்பு: பழைய இணைப்புக் காலத்தில் நானே வாங்கியது, மூன்று ஆண்டெனா. நீலம்: நண்பன் ஊரோடு போனபோது கொடுத்துவிட்டுப் போனது, சின்னது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்.

இதுவரை செய்தது: கறுப்பில் டபிள்யூடிஎஸ் (ரவுட்டர்களைக் காற்றிலேயே இணைப்பது) என்று ஒரு மெனு இருக்கிறது, நீலத்திலும் இருக்கிறது. இரண்டையும் ஜோடி சேர்க்க ஒரு ராத்திரி முழுக்க முயன்றேன். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, பேசவில்லை. நீலத்தை ரிப்பீட்டராக (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டியாக) நடு வீட்டில் வைத்தேன். மேலே முழுக் கோடு வந்தது, வேகம் 6. கடைசியில் தெருமுனைக் கடைப் பையனிடம் சொல்லி ஏணி வழியாக 15 மீட்டர் கேபிள் இழுத்து, கறுப்பின் வேன் துளையில் (பள்ளி வேன் இல்லை, இன்டர்நெட் துளை) சொருகினேன். இன்டர்நெட் வந்தது. ஆனால் மகளின் லேப்டாப்புக்குக் கடையில் இருக்கும் வைஃபை பிரிண்டர் தெரியவில்லை. அவளுக்குப் பிரிண்டர் வேண்டும், எனக்கு ஒரே பெயரில் ஒரே வைஃபை வேண்டும், புதிதாகப் பெட்டி வாங்கப் பணம் இல்லை. வழி இருக்கிறதா?


மெஷ்மணி, செம்பூர்

மூன்று கம்பெனியைக் கலக்காதீர்கள் நண்பரே, தலைவலிதான் மிச்சம். எல்லாவற்றையும் ஓஎல்எக்ஸில் போட்டுவிட்டு மூன்று பெட்டி மெஷ் (தங்களுக்குள் பேசி ஒரே வைஃபையாக நடக்கும் பெட்டிகள்) ஒன்று வாங்குங்கள். பத்து நிமிஷ வேலை. எங்கள் ஃபிளாட்டில் நிம்மதியாக ஓடுகிறது.


கிரிம்ப்பர், ஆன்டாப் ஹில்

மெஷ்மணி, அவர் வீட்டுத் தளம் இரும்புத் தகடு என்று எழுதியிருக்கிறாரே, படித்தீர்களா? மெஷ் பெட்டிகளும் காற்றில்தான் ஒன்றோடொன்று பேச வேண்டும். செங்கல் சுவரைத் தாண்டிப் போகும் அலை இரும்புத் தகட்டில் பட்டால் திரும்பிவிடும். 20,000 ரூபாய் மெஷ் வாங்கினாலும் அந்த வீட்டில் கேபிள் இழுத்தாக வேண்டும். கேபிள் இழுத்துவிட்டால் மெஷ் எதற்கு?

தம்பி, நான் 22 வருஷமாக ஃபோர்ட்டிலும் அந்தேரியிலும் ஆபீஸ்களுக்குக் கேபிள் போடுகிறவன். உன் கையில் இருப்பதே போதும். முதலில் நீ செய்தவை ஏன் சரிப்படவில்லை என்று சொல்கிறேன், அப்போதுதான் அடுத்தது புரியும்.

டபிள்யூடிஎஸ். சாதாரண வைஃபை பாக்கெட்டில் (தகவலைத் துண்டு துண்டாக அனுப்பும் பொட்டலம்) மூன்று விலாசம் எழுதினால் போதும். இரண்டு ரவுட்டரைக் காற்றில் பாலமாகக் கட்ட நான்காவது விலாசமும் வேண்டும். தர நிர்ணயத்தில் அந்த நான்காவதுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், ஆனால் ஜோடி சேர்வது எப்படி, சாவியைப் பகிர்வது எப்படி என்று எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் செய்துகொண்டது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலே சிலசமயம் சேராது. நீ ஒரு ராத்திரி வீணாக்கினாய், நான் 2009-இல் ஒரு வாரம் வீணாக்கினேன்.

ரிப்பீட்டர். ஒரே ரேடியோ கீழேயிருந்து கேட்க வேண்டும், அதே ரேடியோ மேலே சொல்லவும் வேண்டும். கேட்கும்போது சொல்ல முடியாது. அதனால் வேகம் பாதிக்குக் கீழே போகும். அதுவும் நீலம் நிற்கும் இடத்துக்கு வருவதே 20. முழுக் கோடு என்பது உனக்கும் நீலத்துக்கும் நடுவில் இருக்கும் சிக்னல். நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் என்ன நிலைமை என்று அந்தக் கோடு சொல்லாது.

பிரிண்டர். வேன் துளையில் சொருகியதும் கறுப்பு தன்னை ஒரு தனி வீட்டுக்கு எஜமான் என்று நினைத்துக்கொண்டது. கடை ஒரு நெட்வொர்க், மாடி இன்னொரு நெட்வொர்க். "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா" என்று லேப்டாப் போடும் சத்தம் கறுப்பின் வாசலோடு நின்றுவிடும். பிரிண்டரின் ஐபியை (நெட்வொர்க் விலாசத்தை) கையால் கொடுத்தால் ஒருவேளை அச்சாகும். ஆனால் கடையிலிருந்து மாடிக்கு எதையும் அனுப்ப முடியாது.

இனி செய்ய வேண்டியது. எஜமான் ஒருவன்தான், அது வெள்ளை. கறுப்பும் நீலமும் வெறும் ஆண்டெனா வைத்த ஸ்விட்ச் (லைட் ஸ்விட்ச் இல்லை, பல கேபிளை ஒன்றாகச் சேர்க்கும் பெட்டி). கறுப்பின் மெனுவில் ஆக்சஸ் பாயின்ட் என்று ஒரு மோட் இருக்கிறதா பார். இருந்தால் அதைத் தேர்ந்தெடு, மிச்சத்தைப் படிக்க வேண்டாம். பழையதில் பெரும்பாலும் இருக்காது. இல்லையென்றால் கையால் செய்யலாம்.

வெள்ளையைத் தொடாமல் கறுப்பை மட்டும் தனியாக எடு. பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசியை வைத்துப் பத்து விநாடி அழுத்து, புதுசு மாதிரி ஆகிவிடும். லேப்டாப்பை அதன் லேன் துளையில் (வீட்டுக் கருவிகளைச் சொருகும் துளை) கேபிளால் இணை. உள்ளே போ. டிபி-லிங்க் பலவற்றில் விலாசம் 192.168.0.1 அல்லது 192.168.1.1, மற்றவற்றுக்குப் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரைப் பார். முதலில் லேன் ஐபியை மாற்று. வெள்ளை 192.168.1.1 என்றால் கறுப்புக்கு 192.168.1.2, நீலத்துக்கு 192.168.1.3. சேமித்ததும் பழைய விலாசம் செத்துவிடும், புது விலாசத்தில் மறுபடி நுழைந்து டிஎச்சிபியை (கருவிகளுக்கு ஐபி பங்கிடும் வேலையை) அணை. இந்த வரிசையை மாற்றாதே. டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டு, லேப்டாப்புக்கு ஐபி கிடைக்கவில்லை என்று எனக்குப் போன் செய்கிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது உண்டு.

வெள்ளையில் ஒரு வேலைதான். அது ஐபி பங்கிடும் எண்களை 192.168.1.10-இலிருந்து தொடங்கும்படி வை. இல்லாவிட்டால் ஒரு நாள் யாருடைய போனுக்காவது 2 என்ற எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிடும், கறுப்போடு மோதும்.

அப்புறம் கேபிள். வெள்ளையின் லேனிலிருந்து கறுப்பின் லேனுக்கு. வேன் துளை காலி. அதன்மேல் ஒரு டேப் ஒட்டிவிடு, இல்லாவிட்டால் என்றாவது மச்சான் "சரியாக" மாற்றிச் சொருகுவார்.

வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் எல்லாப் பெட்டியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பாதுகாப்பு டபிள்யூபிஏ2, ஏஇஎஸ். சேனல் மட்டும் வேறு வேறு: 2.4-இல் 1, 6, 11. ஏன் இந்த மூன்று என்றால், சேனலுக்குச் சேனல் 5 மெகாஹெர்ட்ஸ்தான் தள்ளியிருக்கிறது, சிக்னலின் அகலம் 20, ஐந்து எண் தள்ளி வைத்தால் ஒன்றோடொன்று மோதாது. தாராவியில் உன் வீட்டிலிருந்து பார்த்தால் நாற்பது வைஃபை தெரியும், அதனால் அகலத்தை 20-லேயே வை. 40 போட்டால் பக்கத்து வீட்டோடு சண்டைதான். நிர்வாகப் பாஸ்வேர்டு அட்மின்-அட்மின் என்று இருந்தால் மாற்று, டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்டு இல்லாமல் பொத்தானை அழுத்தி இணைக்கும் வசதி) அணை.


கோலிவாடா, சயான்

கிரிம்ப்பர் சொல்வது சரி. ஒன்று சேர்க்கிறேன். கறுப்பு ஓபன்டபிள்யூஆர்டி (கம்பெனி மென்பொருளுக்குப் பதில் ஏற்றும் இலவச ரவுட்டர் மென்பொருள்) ஏற்கும் மாடலாக இருந்தால் அதை ஏற்றிவிட்டால் ஆக்சஸ் பாயின்ட், 802.11எஸ் (கம்பெனி பாராத பொதுத் தரம்) மெஷ் எல்லாம் கிடைக்கும். கம்பெனி வித்தியாசமே மறைந்துவிடும். வைஃபை அலையன்ஸ் 2018-இல் ஈஸிமெஷ் என்றும் ஒன்று கொண்டுவந்தது, வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகள் சேர்வதற்காகவே.


கிரிம்ப்பர், ஆன்டாப் ஹில்

ஈஸிமெஷ் நல்லதுதான், ஆனால் சேர்கிற பெட்டி ஒவ்வொன்றும் அதற்கென்று வந்ததாக இருக்க வேண்டும். இவருடையவை அதற்கு முந்தியவை. ஓபன்டபிள்யூஆர்டி எனக்கும் பிடிக்கும். ஆனால் 4 எம்பி ஃபிளாஷ் (மென்பொருளுக்கான இடம்) மட்டும் இருக்கும் பழைய பெட்டியில் இன்றைய பதிப்பு ஏறாது. ஏற்றும்போது பாதியில் கரண்ட் போனால் பெட்டி செத்துவிடும், வெறும் செங்கல்தான். கேபிள் கையில் இருக்கும்போது இந்த வித்தை எல்லாம் தேவையில்லை.


ஏணிவீடு, தாராவி

அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை கடையை மூடியதும் உட்கார்ந்து செய்தேன். கறுப்பில் அந்த மோட் இல்லை, நீங்கள் சொன்ன வரிசையில் கையால் செய்தேன். ஐபியை மாற்றியதும் பெட்டி காணாமல் போனது. நீங்கள் எழுதியிருந்ததால் பயப்படவில்லை.

பிரிண்டர் தெரிகிறது! மகள் ஒரு சோதனைத் தாள் அனுப்பினாள், கீழே போய் எடுத்து வந்தேன். அது வரைக்கும் சந்தோஷம். ஆனால் மேலே வேகம் 3, சிலசமயம் 11, சிலசமயம் நின்றே போகிறது. லேப்டாப்பைக் கறுப்பில் கேபிளால் நேராக இணைத்துப் பார்த்தேன், அப்போதும் அதே கதை, ஆகவே வைஃபை குற்றமில்லை. கறுப்பைக் கீழே கொண்டுபோய் வெள்ளை பக்கத்தில் வைத்து, டப்பாவோடு வந்த குட்டிக் கேபிளில் இணைத்தால் 94. அந்த 15 மீட்டர் கேபிள்தான். ஆனால் கடைப் பையன் டெஸ்டரில் போட்டுக் காட்டினான், எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தது. கேபிள் பழுதே இல்லை என்று சாதிக்கிறான்.


கிரிம்ப்பர், ஆன்டாப் ஹில்

முனையில் இருக்கும் கண்ணாடிப் பிளக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடி, பூட்டு நாக்கு பின்பக்கம் இருக்கட்டும். இடமிருந்து வலமாக எட்டு வயரின் நிறத்தை அப்படியே எழுதி அனுப்பு.


ஏணிவீடு, தாராவி

வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதேதான், பார்க்க அழகாக ஜோடி ஜோடியாக இருக்கிறது.


கிரிம்ப்பர், ஆன்டாப் ஹில்

அழகுதான் ஆபத்து. இதைத் தேடித்தான் கேட்டேன்.

கேபிளுக்குள் வயர்கள் இரண்டிரண்டாக முறுக்கியிருப்பது அலங்காரத்துக்கு இல்லை. ஒரு ஜோடியின் இரண்டு வயரிலும் சிக்னல் எதிரெதிராகப் போகும், முறுக்கு இருப்பதால் வெளிச்சத்தம் இரண்டிலும் சமமாக ஏறி அடிபட்டுப் போகும். 100 எம்பிபிஎஸ் வேலை செய்வது 1, 2 என்ற ஜோடியிலும் 3, 6 என்ற ஜோடியிலும். 3, 4 இல்லை, 3, 6. உன் பிளக்கில் மூன்றாவது வெள்ளை-பச்சை, ஆறாவது நீலம். இரண்டும் வேறு வேறு முறுக்கைச் சேர்ந்தவை. புருஷன் ஒரு ரயிலில், பெண்டாட்டி வேறு ரயிலில். சத்தம் அடிபடாது, ஒன்றின் பேச்சு இன்னொன்றில் ஒழுகும், பாக்கெட் கெட்டு மறுபடி மறுபடி அனுப்ப வேண்டிவரும். டெஸ்டர் என்ன பார்க்கிறது? இந்த முனையின் மூன்று அந்த முனையின் மூன்றுக்குப் போகிறதா என்று மட்டும். போகிறது, விளக்கு எரிகிறது. பையன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். நீல ஜோடி நடுவில், பச்சை அதை இரண்டு பக்கமும் கட்டிப்பிடித்திருக்கும். இரண்டு முனையையும் வெட்டி, புதுப் பிளக் வைத்து இப்படி அடி. முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

கேபிளே மாற்றுவதாக இருந்தால், மாஹிமில் ஸ்லோ வண்டி ஏறி கிராண்ட் ரோடில் கிழக்குப் பக்கம் இறங்கு, லாமிங்டன் ரோடு (எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) நடக்கிற தூரம். "முழுச் செம்பு" என்று கேட்டு வாங்கு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதைப் பாதி விலையில் தள்ளிவிடுவார்கள். கத்தியால் வயரைச் சுரண்டிப் பார், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடு. உன்னுடையது ஏணி வழியே வெளியில் போகிறது, ஆகவே வெளியிடத்துக்கான கறுப்பு உறை கேபிளாக இருக்கட்டும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஓட்டைக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்று. மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே வழியாது. கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதே. உங்கள் சந்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கட்டாதே.


மெஷ்மணி, செம்பூர்

சரி, ஒப்புக்கொள்கிறேன். எட்டு விளக்கும் எரிந்தால் கேபிள் நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஒரு சந்தேகம்: பெயர் ஒன்றாக இருந்தாலும் மாடி ஏறும்போது போன் தானாகக் கறுப்புக்கு மாறுமா? மெஷ்ஷில் அது நடக்கிறது.


கிரிம்ப்பர், ஆன்டாப் ஹில்

மாறும், ஆனால் எப்போது மாறுவது என்று முடிவு செய்வது போன். கீழே இருப்பதன் சிக்னல் மெலிந்து போகும் வரை சில போன்கள் விடாது. மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு போனுக்குப் புத்தி சொல்லும், அந்தச் சௌகரியம் இங்கே கிடையாது. பேசிக்கொண்டே ஏணி ஏறினால் வைஃபை கால் ஒரு விநாடி விக்கும். இந்த வீட்டில் ஒரு நன்மை: இரும்புத் தகடு இருப்பதால் மாடிக்கு வந்ததும் கீழ் சிக்னல் தானே செத்துவிடும், போனுக்கு வேறு வழி இருக்காது. நடு வீட்டில்தான் இழுபறி நடக்கும். வெள்ளையில் டிரான்ஸ்மிட் பவர் (சிக்னலின் பலம்) என்ற மெனு இருந்தால் குறைத்து வை. பத்துக்குப் பதினைந்து கடைக்கு அது போதும்.


ஏணிவீடு, தாராவி

பத்து நாள் கழித்து வருகிறேன். மழையில் கேபிள் வேலை ஓடவில்லை.

அண்ணாச்சி சொன்னபடி லாமிங்டன் ரோடு போனேன். முதல் கடையில் கொடுத்ததைச் சுரண்டினேன், வெள்ளி. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே வேறு சுருளை எடுத்தார். முனைகளை அதே தெருமுனைப் பையனை வைத்துத்தான் அடித்தேன். உங்கள் வரிசையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன், அதைத் தன் கடைச் சுவரில் ஒட்டிக்கொண்டான். இதுவரை எத்தனை வீட்டுக்கு அழகாக அடித்தானோ தெரியவில்லை.

மேலே இப்போது கேபிளில் 94, வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸில் 88-90. கறுப்பின் துளையே 100-தான், அதனால் இதற்குமேல் ஆசைப்படவில்லை.

நீலத்தையும் போட்டேன். கேபிளை மிச்சம் பிடிக்க, கடையிலிருந்து நடு வீட்டு நீலத்துக்கு, நீலத்திலிருந்து மேலே கறுப்புக்கு என்று தொடராக இழுத்தேன். ஒரு நாள் ராத்திரி சரியாகப் பத்து மணிக்கு மேலே எல்லாம் நின்றது. மறுநாளும் பத்து மணிக்கு. ஒரு மணி நேரம் செட்டிங்ஸைக் குடைந்த பிறகுதான் புரிந்தது. அம்மா படுக்கப் போகும்போது "சும்மா எரிகிறதே" என்று நீலத்தின் ஸ்விட்சை அணைக்கிறார். அம்மாவை மாற்ற முடியாது, கேபிளை மாற்றினேன். இப்போது கறுப்புக்குக் கடையிலிருந்து தனிக் கேபிள்.


கிரிம்ப்பர், ஆன்டாப் ஹில்

நல்லது. பழைய தொடர் கேபிளை அவிழ்த்துவிட்டாயா? நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் அது இன்னும் இருந்தால் வட்டமாகிவிடும், ஒரே பாக்கெட் சுற்றிச் சுற்றி எல்லாம் முடங்கும்.


ஏணிவீடு, தாராவி

அவிழ்த்துவிட்டேன் அண்ணாச்சி, துணி காயப்போட மனைவி எடுத்துக்கொண்டாள்.

ஒரு புதுப் பிரச்சினை, அதற்கு ரவுட்டரில் செட்டிங் இல்லை. நேற்று மகள் மேலேயிருந்து வேதியியல் பிராக்டிகலுக்கு ஆறு பக்கம் அனுப்பினாள். கீழே அதே நேரம் ஒருவர் ஆதார் நகல் எடுக்க வந்திருக்கிறார். மச்சான் எல்லாத் தாளையும் அள்ளிக் கொடுத்து பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்று காசும் வாங்கிவிட்டார். இவள் இறங்கிப் போவதற்குள் அந்த ஆள் 60 அடி சாலை பக்கம் போய்விட்டார். இனிமேல் பிரிண்ட் கொடுப்பதற்கு முன்னால் ஏணித் தட்டில் நின்று "மாமா, வருது!" என்று கத்த வேண்டும் என்று ஏற்பாடு.